ஏழு மாத வயிற்றுவலி, ஈஎஸ்ஆர் 62: அடுத்து என்ன பரிசோதனை?

கேள்வி: எனக்கு வயது 29. திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு மாதமாகத் தொப்புளைச் சுற்றியும் வலது அடிவயிற்றிலும் வலி. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் முறுக்கிப் பிடிக்கும், கடமுடவென்று சத்தம் போடும், அப்புறம் விட்டுவிடும். எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. வயிற்று ஸ்கேன் நார்மல். எண்டோஸ்கோபியில் இரைப்பை லேசாகச் சிவந்திருக்கிறது என்றார்கள். வைடால் பாசிட்டிவ் என்று இரண்டு முறை டைஃபாய்டுக்காக ஓஃப்ளாக்சசின் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் 9.2, ஈஎஸ்ஆர் 62, பிளேட்லெட் 5.1 லட்சம், ஆல்புமின் 3.0. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லை. மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. கேஸ், டென்ஷன் என்கிறார்கள். முழு உடல் செக்கப் செய்துகொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம். அந்தப் பேக்கேஜில் இருப்பது பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே எடுத்த ரத்தப் பரிசோதனைகளும் அதே ஸ்கேனும்தான். உங்களிடம் ரிப்போர்ட்டுகளுக்குப் பஞ்சமில்லை. வயிற்றுக்குள் இதுவரை யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான்.

எண்டோஸ்கோபிக் குழாய் வாய் வழியாகப் போய் முன்சிறுகுடலோடு நின்றுவிடும். அதற்குக் கீழே 5, 6 மீட்டர் சிறுகுடலும் பெருங்குடலும் இருக்கின்றன. சாதாரண வயிற்று ஸ்கேனில் குடல் காற்று மறைத்துக்கொள்ளும். கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் தெரிகிற அளவுக்குக் குடல் தெரியாது. ஆக, 'எல்லாம் நார்மல்' என்றால் பார்த்தவரை நார்மல் என்று மட்டும்தான் பொருள்.

இப்போது எண்களுக்கு வருவோம். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவிடலாம். ஹீமோகுளோபின் 9.2 என்றால் மாதவிடாய், ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணு படியும் வேகம், அழற்சி இருந்தால் ஏறும்) என்றால் ஏதோ சளிக் காய்ச்சல். ரத்தசோகை இருந்தாலே ஈஎஸ்ஆர் கொஞ்சம் ஏறும் என்பதும் உண்மை. ஆனால் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ரத்தம் குறைகிறது, பிளேட்லெட் 4.5 லட்சத்தைத் தாண்டுகிறது, 3.5-க்கு மேல் இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.0-இல் நிற்கிறது, எடையும் இறங்குகிறது. உடம்புக்குள் எங்கோ மாதக்கணக்கில் அழற்சி நடக்கிறது என்பதன் அடையாளம் இது. சாப்பிட்டபின் வலி, சத்தம், வலது அடிவயிறு ஆகியவற்றைச் சேர்த்தால், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். கேஸ் தொல்லையால் ஆல்புமின் இறங்காது. டென்ஷனால் பிளேட்லெட் ஏறாது.

அந்தச் சந்திப்பில் நம் நாட்டில் முக்கியமாக இரண்டு நோய்கள் வரும். ஒன்று குடல் காசநோய். இன்னொன்று, 1932-இல் நியூயார்க் மருத்துவர்கள் விவரித்த, குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் குரோன்ஸ் நோய். இரண்டிலும் புண், வீக்கம், குடல் சுருக்கம் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும், அனுபவமுள்ளவர்களே குழம்புவார்கள். சிகிச்சையோ நேர் எதிர். குரோன்ஸ் என்று நினைத்துக் காசநோய்க்கு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பரவும். காசநோய் என்று நினைத்துக் குரோன்ஸுக்கு ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தால் அந்த ஆறு மாதத்தில் குடல் மேலும் சுருங்கலாம். லிம்போமா (நிணநீர்ப் புற்று), சீலியாக் (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) போன்றவையும் பட்டியலில் உண்டு. அவற்றையும் சதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

வைடால் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொற்று, வேறு காய்ச்சல் எது இருந்தாலும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும். டைஃபாய்டை உறுதி செய்வது ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதுவும் டைஃபாய்டு ஏழு மாதம் இப்படி இழுக்காது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: ஓஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். பிறகு எடுக்கும் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போகலாம். எந்தத் தேதிகளில் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதைப் புது மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, யாரிடம் போவது? குடல் நோய் நிபுணரிடம், அதாவது கேஸ்ட்ரோஎன்டராலஜிஸ்ட்டிடம். பக்கத்தில் மதுரை இருக்கிறது. அங்கே அரசு மருத்துவமனையிலும் போய்க் காட்டலாம். ஏழு மாத ரிப்போர்ட்டுகளை ஒரே தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். ஒரு வரியில் தேதி, எடை, ஹீமோகுளோபின், ஈஎஸ்ஆர், பிளேட்லெட், ஆல்புமின். கட்டுக்கட்டாகக் காகிதத்தை நீட்டினால் பத்து நிமிடத்தில் யாராலும் படிக்க முடியாது. அந்த ஒரு தாளைப் பார்த்தால் 'டென்ஷன்' என்று சொல்ல வாய் வராது.

அவர் அநேகமாகச் சொல்லக்கூடியவை: மலத்தில் கால்புரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு, நெஞ்சு எக்ஸ்ரே, குடலுக்கென்றே எடுக்கும் சிடி அல்லது எம்ஆர் என்டரோகிராபி, பிறகு கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது). கால்புரொடெக்டின் அதிகமாக இருந்தால் குடலில் அழற்சி என்று தெரியும். எந்த நோய் என்று அது சொல்லாது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் சிடிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கொலனோஸ்கோபியில் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெருங்குடலோடு நிறுத்தாமல் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள்ளும் நுழைந்து பார்த்து, பல இடங்களில் சதைத் துணுக்கு எடுப்பார்களா? எடுத்ததில் ஒரு பகுதியை ஃபார்மலினில் (சதையைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் சலைனில் (உப்பு நீர்) வைத்து டிபி கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) அனுப்புவார்களா? ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். அப்புறம் கல்ச்சர் செய்ய முடியாது. எல்லாத் துணுக்கும் ஒரே பாட்டிலுக்குள் போய், பின்பு மறுபடியும் கொலனோஸ்கோபி செய்யவேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு செய்தும் முடிவு தெளிவாக வராமல் போவதுண்டு. குடல் சதையில் டிபி கிருமி பல சமயம் அகப்படாது. அப்போது டிபி மாத்திரையை ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது இங்கே ஏற்றுக்கொண்ட வழிதான். சதை எடுக்காமலே 'எதற்கும் டிபி மாத்திரை போட்டுப் பார்க்கலாம்' என்று தொடங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அதுவரை டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். அவையே குடலில் புண் உண்டாக்கும். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி நீவிவிடுகிறவர்களிடமும் போக வேண்டாம். வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல், பச்சையாக வாந்தி வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். குடல் அடைபட்டிருக்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையைக் கொலனோஸ்கோபிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மலம் கருத்து ஒட்டிக்கொண்டு குடல் சுவரை மறைத்துவிடும். கொலனோஸ்கோபிக்காகக் குடலைக் காலி செய்யும் பேதி மருந்து குடிப்பதற்கு முன் அந்தக் கடமுடச் சத்தத்தையும் முறுக்குப் பிடிப்பதையும் மருத்துவரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள். குடல் சுருங்கியிருந்தால் பேதி மருந்தே ஆபத்து. சிடியை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் முடிவு செய்வார்.