வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

வணக்கம் ஐயா,

தம்பியின் மென்பொருள் நிறுவனத்துக்காக வீட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதற்காக அவருடைய ஆசையைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

சென்ற வாரம் நீங்கள் இருவரும் வந்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்காக எழுதிய மென்பொருளைத் தம்பி காட்டினார். திரை அழகாகவே இருந்தது. "சாயப்பட்டறைக்கு 500 கிலோ துணி போய் 470 கிலோ திரும்பி வந்தால், குறைந்த 30 கிலோவை எங்கே பதிவது?" என்று கேட்டேன். அதற்கு இடமே இல்லை. முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுப்பதே அந்தக் கணக்குதான். கிடைத்திருக்கும் வேலையில் தம்பி சேரட்டும். சேர இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, அதில் ஒரு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் கணக்கர் பக்கத்தில் உட்காரட்டும். நிட்டிங் (துணி பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது) என்று துணி கைமாறும்போது டெலிவரி சலானில் என்ன எழுதுகிறார்கள், எங்கே கணக்கு உதைக்கிறது என்று கண்ணால் பார்க்கட்டும்.

பிறகு மூன்று பேரிடம் விற்கட்டும். இலவசமாகக் கொடுக்க வேண்டாம். சிறு தொகையாவது கொடுத்தவர்தான் குறையைக் கூப்பிட்டுச் சொல்வார். ஆளுக்கொரு மாற்றம் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் பத்து வாடிக்கையாளருக்குப் பத்து மென்பொருளைப் பராமரிக்க வேண்டிவரும். நல்ல பையன்கள் பலர் மூழ்கியது இங்கேதான். மூவரும் கேட்பதை மட்டும் சேர்க்கட்டும். ஆண்டுச் சந்தாவாக வாங்கினால் அடுத்த ஆண்டும் வருமானம் நிற்காது.

1996இல் தொடங்கி இன்று ஸோஹோ என்று பெயர் பெற்றிருக்கும் நிறுவனம், வெளி முதலீட்டாளர்களை நம்பாமல் விற்பனை வருமானத்திலேயே வளர்ந்தது. அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகுதான் கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் ஃபிரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார். 2021இல் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. அதனால்தான் வேலையில் சேரட்டும் என்கிறேன். அடுத்தவர் சம்பளத்தில் தொழில் கற்பதில் குறைவொன்றும் இல்லை.

உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பணிக்காலத்தில் எழுதும் மென்பொருள் எல்லாம் தங்களுக்கே சொந்தம் என்று சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதிவிடுகின்றன. தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வாருங்கள். வரிவரியாகச் சேர்ந்து படித்துவிடலாம்.