விளிம்பையும் படம் எடுங்கள்: அரபு எழுத்துப் பழங்காசுகள், கேள்வி-பதில்

இந்த முறை பர்மாவிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "அரபு நாட்டுக் காசு" என்றே தொடங்குகின்றன. எழுத்து அரபு என்பதால் நாடும் அரபாகிவிடாது. டில்லியும் சென்னையும் ஸ்தான்புல்லும் பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கானும் அந்த எழுத்தில் காசு அடித்தவைதான்.

தாத்தா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த செப்புக் காசு. ஒரு பக்கம் கொடி மாதிரி எழுத்து, மறுபக்கம் மேலே 4, கீழே 1255. எவ்வளவு பழையது? (மோல்மீன்)

துருக்கிக் காசு. அந்தக் கொடி எழுத்து சுல்தானின் துக்ரா, அதாவது அவர் கையொப்பம். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது 1277. 'வி' போல விரிந்திருப்பது ஏழு. ஐந்து உருண்டையாக இருக்கும், வெறும் புள்ளி பூஜ்யம். 1255 சுல்தான் அப்துல் மஜீத் பட்டமேறிய ஆண்டு, 1277 அவர் தம்பி அப்துல் அஸீஸ் பட்டமேறிய ஆண்டு. ஓர் இலக்கம் தவறினால் ஆளே மாறிவிடுகிறார். அந்த 4, பட்டமேறியதிலிருந்து எண்ணும் ஆட்சியாண்டு. 1277 என்பது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு; ஆங்கில ஆண்டுக்கு, அதில் நூற்றுக்கு மூன்று கழித்து 622 கூட்டுங்கள். ஆட்சியாண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 1864. பரவலாகக் கிடைப்பதுதான், ஆனாலும் தாத்தா கொண்டுவந்ததை விற்காதீர்கள்.

தராசு போட்ட செப்புக் காசு, எந்த ஊர்? (தாட்டோன்)

மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கக் கேடயம் இருந்தால் பம்பாய். தராசில் 'அத்ல்', நீதி, என்று எழுதியிருக்கும். முழுக்க அரபு எழுத்தாகவே இருந்தால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சான்சிபார் தீவு, சுல்தான் பர்காஷ் காலம்.

எங்களிடம் ஷா ஆலம் பெயருள்ள வெள்ளி ரூபாய் நான்கு உள்ளன. 19ஆம் ஆண்டு என்று போட்டிருப்பதால் 1777 என்று கடைக்காரர் சொல்கிறார். அவற்றில் மூன்று, பாட்டியின் காசுமாலையில் இருந்தவை. பாலிஷ் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம். (பெகு)

அம்மா, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

19 என்பது முகலாய மன்னர் ஷா ஆலமின் ஆட்சியாண்டு, அந்தக் கணக்குப்படி 1777 சரிதான். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த ஆண்டை அப்படியே உறைய வைத்துவிட்டது. சராபுகள், அதாவது காசு மாற்றுபவர்கள், ஆண்டு பார்த்து வட்டம் பிடித்தார்கள், பழைய ரூபாய்க்கு மதிப்பைக் குறைத்தார்கள்; அதை நிறுத்தத்தான் வங்காள ரூபாய் எல்லாவற்றிலும் 19 என்றே அடித்தார்கள். முர்ஷிதாபாத் என்ற அச்சுச்சாலை ஊரின் பெயரும் அப்படியே நின்றது, பெரும்பாலானவை கல்கத்தாவில் அச்சானபோதும். 1835இல் வில்லியம் மன்னர் தலை வரும்வரை இதுதான் நடைமுறை. ஆக, முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காலம் தெரியாது.

காலத்தைச் சொல்வது விளிம்பு. காசை நிமிர்த்திப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். முறுக்கிய கயிறு போலக் கோடுகள் சாய்ந்து ஓடினால் 1793 முதல் 1818 வரை, எடை 11.6 கிராம் சுமார். கோடு நேராக நின்றால் அதற்குப் பின் 1830 வரை. வழவழவென்றிருந்தால் கடைசி நாலைந்து ஆண்டு. இந்த இரண்டுக்கும் எடை 12.4 சுமார். விளிம்பும் எடையும் ஒத்துப்போனால் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

இனி உங்கள் மூன்று காசுக்கு வருகிறேன். மாலையில் கோக்க ஆசாரி வளையம் பற்றவைத்திருக்கிறார். பிறகு யாரோ அந்த வளையத்தை வெட்டி, அரம் வைத்து ராவி, பாலிஷ் போட்டிருக்கிறார்கள். கோடும் போயிற்று, எடையும் பொய்யாயிற்று. இப்போது எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் அவற்றின் வயதைச் சொல்வது கடினம். காசுமாலை நம் பெண்களின் சொத்து, அதைக் குறை சொல்லவில்லை. வளையத்தோடு இருந்தாலே பாதி விளிம்பாவது மிஞ்சியிருக்கும்! ரங்கூனில் எத்தனையோ வீட்டில் இதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். நாலாவது காசையாவது விட்டுவிடுங்கள். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், பற்பசை வேண்டாம்.

ஒரு பக்கம் உருது, கூடவே வேறு மூன்று எழுத்து, ஜார்ஜ் மன்னர் தலை. அரிதானதா? (ரங்கூன்)

ஒரணா. இந்தியக் காசுதான் அன்று பர்மாவிலும் செல்லுபடி. உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு நான்கும் உண்டு, தமிழ் இல்லை. அரிதல்ல.

1808 என்று ஆங்கிலத்தில் ஆண்டு, அடியில் இரண்டு பெருக்கல் குறி, நடுவில் அரபு எழுத்து. மந்திரமா? (பெகு)

மந்திரமில்லை தம்பி. பெருக்கல் குறியும் இல்லை, ரோமன் இருபது. சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி இங்கிலாந்தில் அடித்த இருபது காசு. நடுவில் பாரசீகத்தில் "பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்", இருபது காசு நான்கு ஃபுலூஸ் (செப்புச் சில்லறை) என்று இருக்கிறது. நம் 'காசு' பாரசீக எழுத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்! இந்தக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. பிற்காலத்தில் எடுத்தவை ஏராளமாக விற்பனைக்கு வந்தன. உப்பு அரித்திருந்தால் அந்தக் குவியலாக இருக்கலாம். தேய்க்காதீர்கள்.

படம் அனுப்பியிருக்கிறேன். என்ன விலை? (ஊர் எழுதவில்லை)

படத்தில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் விளிம்பும், எடையும், குறுக்களவும் வேண்டும்.

மூன்று மொழி எழுதிய அரக்கான் வெள்ளிக் காசு. விற்பவர் அசல் என்கிறார். (ரங்கூன்)

மூன்று மொழிக் காசு உண்மையிலேயே உண்டு. வங்காளத்துச் சிட்டகாங்கும் அரக்கான் கையில் இருந்த காலத்தில் அம்மன்னர்கள் அரக்கானியம், பாரசீகம், வங்க எழுத்து மூன்றிலும் பெயர் பொறித்தார்கள். பௌத்த மன்னர்களே சலீம் ஷா, ஹுசைன் ஷா என்று பட்டம் வைத்துக்கொண்டார்கள். 1638இல் வந்த நரபதி முதல் அரக்கானிய எழுத்து மட்டும்தான். ஆண்டு நம்மூர்ப் பர்மிய இலக்கத்தில் இருக்கும், ஆங்கில ஆண்டுக்கு 638 கூட்டுங்கள். எடை 10 கிராம் சுமார். ஓரத்தில் வார்ப்புத் தையல் மெல்லிய கோடாக ஓடினாலோ, எழுத்தின் பள்ளங்களில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தாலோ அது அச்சடித்ததல்ல, வார்த்தது. பணத்தை எடுக்காதீர்கள்.