எண்ணெயை நிறுத்தினால் கிட்னிக் கொழுப்பு கரையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. கிரியேட்டினின் 1.3. சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வயதானால் கிட்னியில் கொழுப்பு தேங்கும் என்று படித்ததிலிருந்து எண்ணெயையே தொடுவதில்லை. தோசைகூட வெறும் கல்லில்தான். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் இரண்டாகப் போடட்டுமா என்கிறார். என்ன சொல்வது, டாக்டர்?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் அந்தத் தோசைக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள் அம்மா.

அப்பா படித்தது பொய்யில்லை. ஆனால் சாப்பிட்ட எண்ணெய் நேராகப் போய் கிட்னியில் படிவதாக அவர் நினைத்துக்கொண்டார். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டர் போக மீதியெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிவிடுகிறது. அதில் பெரும்பங்கு வேலை நுண்குழாய்ச் செல்களுடையது. இவற்றுக்கு எரிபொருள் பெரும்பாலும் கொழுப்பு அமிலம்தான். வயதாக ஆக, கொழுப்பை எரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும் பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற புரதம் குறைகிறது, செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவும் தளர்ந்துவிடுகிறது. வருகிற கொழுப்பு எரியாமல் துளித்துளியாகச் செல்லுக்குள்ளேயே நிற்கும். ஒரே செல்லுக்குப் பட்டினியும் அஜீரணமும் சேர்ந்து வந்தது போல! அப்புறம் அழற்சி, தழும்பு என்று போகும். இதில் பெரும்பகுதி எலிகளில் கண்டது. தழும்பேறிய மனிதச் சிறுநீரகங்களிலும் கொழுப்பு எரிப்பு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, எண்ணெயை அடியோடு நிறுத்துவதால் மந்தமான எரிப்பு சரியாகிவிடாது. எலிகளில் பலன் தந்தது மொத்தச் சாப்பாட்டையே குறைத்ததுதான். அதற்காக அப்பாவைப் பட்டினி போடாதீர்கள். இந்த வயதில் முதலில் கரைவது தசை. தொப்பை இருந்தால் இரவுச் சோற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், நடக்கலாம்.

மாத்திரையை இரண்டாக்கவே வேண்டாம். 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நடத்திய 'ஷார்ப்' ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கொலஸ்ட்ராலைக் குறைத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்தன. சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை. அது இதயத்துக்கான மாத்திரை, அந்த வேலையைச் செய்யட்டும்.

கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் 1.3 என்றால் அப்பா வயதுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 58 மில்லி போல வரும். ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை எண்ணெயைவிட முக்கியமாகக் கவனியுங்கள்.

சரி, நீங்கள் எழுதாத ஒன்று: முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் அவராகவே வாங்கிப் போடும் மாத்திரை ஏதாவது இருக்கிறதா? வலி மாத்திரைகளில் சில கிட்னியைக் கெடுக்கும். இருந்தால் அதை நிறுத்திவிட்டு, பெயரை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.