மறுமுயற்சிக்கு ஒரு முடிவு வேண்டாமா?

கேள்வி: நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் ஒரு என்.எஃப்.எஸ். சர்வரின் நிரலைப் பராமரித்து வருகிறேன். ஃபைலைத் திறக்கும்போது கேஷில் (திறந்த ஃபைல்களின் தற்காலிகச் சேமிப்பில்) செல்லாத பதிவு அகப்பட்டால், நிரல் தொடக்கத்துக்கே போய் மறுபடி தேடுகிறது. சில சமயம் இது முடிவதே இல்லை. ஒரு த்ரெட் (கோரிக்கையைக் கவனிக்கும் செயல் இழை) சிபியுவை முழுதாக விழுங்கிவிடுகிறது. ‘பத்து முறைக்கு மேல் வேண்டாம்’ என்று ஓர் எண்ணியைச் சேர்த்தால் போதுமா?

பதில்: எண்ணியைச் சேருங்கள், ஆனால் பத்து எதற்கு? ஒரே ஒரு மறுமுயற்சி போதும். முதல் முறைக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன மாறுகிறது என்பதுதான் முக்கியம். பதிவை உருவாக்கிக்கொண்டிருந்த வேறொரு த்ரெட் தோற்றுப்போய் அதை நீக்கிவிட்டது என்றால், இரண்டாம் முறை நாமே புதிதாக உருவாக்கலாம். ஆனால் செல்லாத பதிவு கேஷின் பதிவுகளைத் தேடும் ஹாஷ் அட்டவணையிலேயே கிடந்தால், எத்தனை முறை தேடினாலும் அதுவேதான் கைக்கு வரும். இப்படிப்பட்ட கோளாறில் நான் முதலில் திறந்து பார்ப்பது தோல்விப் பாதையைத்தான்: பதிவு அட்டவணையிலிருந்து நீங்குகிறதா, மறுபடி தேடப் போகும் முன் ரெஃபரன்ஸ் (அதைப் பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை) குறைகிறதா?

லினக்ஸ் கர்னலின் என்.எஃப்.எஸ். சர்வரும் தன் ஃபைல் கேஷில் இதே இடத்தில் ஒரு மறுமுயற்சியோடு நிறுத்திக்கொள்கிறது. அதுவும் பலிக்காவிட்டால், ‘சற்றுப் பொறுத்து வா’ என்ற எர்ரரை அனுப்புகிறது. என்.எஃப்.எஸ். மூன்றாம் பதிப்பில் அதன் பெயர் ஜூக்பாக்ஸ், நான்காம் பதிப்பில் டிலே. எண் இரண்டுக்கும் 10008தான். காத்திருப்பது கிளையன்ட்டின் வேலையாகிவிடும், சர்வரின் த்ரெட் மற்றவர்களுக்குப் பயன்படும். லினக்ஸ் கிளையன்ட் மூன்றாம் பதிப்பில் 5 நொடி பொறுத்துத் திரும்பக் கேட்கும். நான்காம் பதிப்பில் 0.1 நொடியில் தொடங்கி, இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே 15 நொடி வரை போகும்.

அப்புறம், தயவுசெய்து எல்லாத் தோல்விக்கும் டிலே அனுப்பிவிடாதீர்கள். அழிந்துபோன ஃபைலுக்கு ‘ஸ்டேல்’ (இனி செல்லாது) என்றே சொல்லுங்கள். இல்லையென்றால் சர்வருக்குள் சுற்றிய அதே சுழல் நெட்வொர்க்குக்கு இடம் மாறும். சிபியு அமைதியாக இருக்கும், ஆனால் பயனரின் திரை எந்த எர்ரரும் காட்டாமல் உறைந்து நிற்கும். இதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

திருத்திய பின், ஃபைல் திறப்பு எப்போதும் தோற்கும்படி சோதனைக்காக மாற்றி, இரண்டு கிளையன்ட்களிலிருந்து ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் கேளுங்கள். நெட்வொர்க் பரிமாற்றத்தைக் காட்டும் வயர்ஷார்க்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பதில் வந்தாக வேண்டும். பதிலே வராமல் த்ரெட் ஓடினால் சுழல் இன்னும் சர்வருக்குள் இருக்கிறது. 10008 மட்டுமே ஓயாமல் வந்துகொண்டிருந்தால், நிரந்தரத் தோல்வி ஒன்றைத் தற்காலிகம் என்று எங்கோ அனுப்புகிறீர்கள்.