22 புள்ளிக்குப் பின் கேரம் ஆட்டம் கைநழுவுவது ஏன்?

வணக்கம் நண்பரே. கொருக்குப்பேட்டையில் நண்பர்களிடம் எளிதாக வெல்லும் நீங்கள், போட்டிகளில் 22 புள்ளி வரை வந்தும் கடைசி போர்டுகளில் (சுற்றுகளில்) தோற்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். குறை உங்கள் கையில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

22-ஐத் தொட்டபின் சிவப்புக் காய்க்கான 3 புள்ளி உங்களுக்குக் கிடையாது. 21-க்குள் இருக்கும் எதிராளிக்கு உண்டு. ஆட்டம் முடியும் 25-ஐ எட்ட உங்களுக்குத் தேவை அவருடைய 3 காய்கள் மிச்சமிருக்க போர்டை முடிப்பது மட்டுமே. சிவப்பு விழாமல் கடைசிக் காயைப் போட முடியாது என்பதால், முதல் வாய்ப்பிலேயே சிவப்பைத் துரத்தாமல், பாக்கெட் ஓரத்தில் எளிதான ஒரு காயை பாலோவுக்காக (சிவப்பை அடுத்து உடனே போட வேண்டிய சொந்தக் காயாக) விட்டுவைத்து, அதன்பிறகு சிவப்பை எடுங்கள். அதுவரை எதிராளிக்கு வாகான இடத்துக்கு அது நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியையும் இதற்கேற்ப மாற்றுங்கள். முழு ஆட்டம் ஆடுவதைக் குறைத்து, சிவப்பும் உங்கள் 3 காய்களும் மட்டும் உள்ள நிலைகளை அடுக்கி, தவறினால் அதே நிலையை மீண்டும் வைத்து ஆடுங்கள். விதிப்படி ஒவ்வோர் அடிக்கும் 15 விநாடி இருக்கிறது. ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தபின் ஒருமுறை மூச்சை முழுதாக வெளியேற்றிவிட்டு அடித்தால் விரல் இறுகாது.

2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற கேரம் வீராங்கனை காசிமா வளர்ந்த புதுவண்ணாரப்பேட்டை உங்களுக்குப் பக்கம்தான். அந்தப் பகுதியில் விசாரித்து நல்ல பயிற்சியாளர் ஒருவரிடம் செல்லுங்கள். பிரேக்கை (தொடக்க அடியை) திருத்தச் சொல்ல வேண்டாம், கடைசி 4 காய்களை நீங்கள் ஆடும் விதத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.