விற்ற பிள்ளை

கேள்வி: இந்தி எழுத்தாளர் உக்ராவின் தன்வரலாறு 'அப்னீ கபர்' நூலை ஆங்கிலத்தில் படித்தேன். அண்ணன் சூதாடி, வீடே சூதாட்டக் கூடம் என்று சொந்தக் குடும்பத்தைச் சந்திக்கு இழுக்கிறார். இதில் நாம் கற்க என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கற்க ஒன்றும் இல்லை. நன்னெறி வேண்டுமென்றால் வேறு அலமாரியைப் பாருங்கள்.

உக்ரா என்பது புனைபெயர். சொந்தப் பெயர் பாண்டேய பேசன் சர்மா. 1900-இல், மிர்சாபூர் பக்கம் சுனாரில் பிறந்தவர். முன்னால் பிறந்த பல பிள்ளைகள் தக்காததால் இவரைப் பிறந்த கையோடு பேருக்கு விற்றுவிட்டார்கள். இந்தியில் 'பேச்னா' என்றால் விற்பது; 'பேசன்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம் பக்கம் 'தவிட்டுக்கு வாங்கின பிள்ளை' என்போமே, பிச்சை என்று பேர் வைப்போமே, அதே சங்கதி. எமனுக்கு ஆள் தெரியாமல் போய்விடும் என்று ஒரு கணக்கு. வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் தாய்ப்பாசம் பற்றி இரண்டு பக்கம் உருகியிருப்பார்கள். இவர் விலையைச் சொல்கிறார்: ஒரு டக்கா, அந்தக் காலத்துச் சில்லறை. அந்தக் காசுக்கும் அம்மா வெல்லம் வாங்கித் தின்றுவிட்டாராம். அவ்வளவுதான்.

அண்ணனைச் சந்திக்கு இழுக்கும் முன்பே தன்னை ஏலத்தில் விட்டுவிட்ட மனிதர் ஐயா இவர்! அண்ணன்களோடு ராம்லீலா மண்டலிகளில், அதாவது ராமாயண நாடகக் குழுக்களில், ஊர் ஊராகப் போய் சீதை வேஷம் கட்டிய பையன். துளசிதாசரின் இந்தி ராமாயணத்தை மேடையில் பாடம் பண்ணிக்கொண்டே, திரைக்குப் பின்னால் பக்தர்கள் அடிக்கும் கூத்தையும் பார்த்தவன். இரண்டையும் எழுதினார். ஒன்றை மட்டும் எழுதியிருக்கலாமே என்பதுதான் உங்கள் வருத்தம். அப்படி எழுதியவை நம்மிடம் நிறைய உண்டு. பொன்னாடைப் போட்டோக்களோடு மதிப்புரைக்கு மாதம் நாலு வருகின்றன.

உங்களுக்கு முன்பே ஒருவர் கோபப்பட்டார். ஓரினக் காமம் பற்றி உக்ரா எழுதிய 'சாக்லேட்' கதைகள் 1927-இல் நூலானபோது, பத்திரிகையாசிரியர் பனாரசிதாஸ் சதுர்வேதி அதற்கு 'காஸ்லேட் இலக்கியம்' என்று முத்திரை குத்தினார். காஸ்லேட் என்றால் கிருஷ்ணாயில்! மட்டமான, ஆபாச எழுத்து என்று வசவு. விவகாரம் காந்தி வரை போயிற்று. அவர் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, தமக்கு அப்படித் தோன்றவில்லை என்று சதுர்வேதிக்கே எழுதினார்.

இன்னொன்று. 1960-இல் வந்த இந்தப் புத்தகம் அவருடைய முதல் 21 வயதோடு நின்றுவிடுகிறது. கல்கத்தா 'மத்வாலா' பத்திரிகை, பம்பாய் சினிமா, ராஜத்துரோக வழக்கில் சிறை எல்லாம் அதற்கு அப்புறம். அதையும் எழுதியிருந்தால் நீங்கள் என்ன ஆகியிருப்பீர்களோ! எனக்கு இவர்மேல் இருக்கும் ஒரே மனத்தாங்கல் அதுதான், பாதியில் எழுந்து போய்விட்டார்.

சரி, உங்கள் பிரதி வேண்டாமென்றால் எனக்கு அனுப்பிவிடுங்கள். என்னுடையதை இரவல் வாங்கிப்போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. தபால் செலவு என்னுடையது.