ஆங்கிலக் கேள்விப் பட்டியலைத் தமிழாக்கினால் போதாதா, 'சரிபார்ப்பு' எதற்கு?

செவிலியர்கள் ஆய்வு முடிவுகளைப் பார்த்துச் சிகிச்சை தருகிறார்களா என்று அளக்க, 2006-இல் பிரிட்டனில் வெளியான 24 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. தமிழிலும் அது அதையேதான் அளக்கிறதா என்று சோதிப்பதே சரிபார்ப்பு.

அதில் ஆய்வு முடிவுகளைக் குறிக்கும் 'எவிடென்ஸ்' என்பதை 'ஆதாரம்' என்று போட்டால், கோவையில் ஒரு சிஸ்டர் கேஸ் ஷீட்டையோ கையெழுத்தையோ நினைத்துக்கொள்ளலாம். கேள்வியே மாறிவிடும், மார்க் மட்டும் வரும். அதனால் மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். அப்புறம் சில சிஸ்டர்களிடம் "இதில் என்ன புரிந்தது?" என்று கேட்பார்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பிறகு நிறையப் பேரிடம் கொடுத்துக் கணக்குப் போடுவார்கள்.

திருப்பூர் பனியன் மாதிரிதான். லேபிளில் 'எம்' என்றே இருக்கும், அமெரிக்க எம் நம்மூர் ஆளுக்குத் தொளதொளக்கும். போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கணக்கில் கிடைக்கும் 'ஆல்ஃபா' என்ற எண் 0.7-ஐத் தாண்டினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது காட்டும், சரியானதை அளக்கின்றன என்பதை அல்ல.